ஆர்வில் பீப்பாய் திறந்த கதை

விஸ்கான்சினில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ஹோல்பாக் என்ற ஊரில், ஜூலை மாதத்தில் பனி விழுந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் பனி இல்லை. ஆர்வில் டாய்ஷர் வீட்டுப் பீப்பாயிலிருந்து வந்த பீர் நுரை. பக்கத்து வீட்டுப் பாதிரியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நேராகக் கொட்டகைக்குப் போய், பனி தள்ளும் மண்வாரியை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஊரில் ஜூலையில் பனி விழுந்தாலும் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, மண்வாரியைத்தான் தேடுவார்கள்.

ஆர்வில் வளர்த்த குட்டைக்கால் நாய் அந்த நுரைக்குள் போய்விட்டது. குரைப்புச் சத்தம் வந்த திசையில் ஆளுக்கொரு துடைப்பத்தோடு தேடினார்கள். அது வெளியே வந்தபோது நேராக நடக்கவில்லை. அன்றைய விருந்தில் வயிறாரப் பீர் குடித்த ஒரே ஜீவன் அதுதான்.

இத்தனைக்கும் ஆர்வில் சாதாரண ஆள் இல்லை. ஓய்வு பெறும் வரை வீட்டுக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் கசிவு பார்க்கும் பிரிவில் இருந்தவர். அமெரிக்காவின் பாதிக் குளியலறைகளில் அவர் பார்த்து அனுப்பிய குழாய்கள் சொட்டாமல் நிற்கின்றன என்று அவரே சொல்லுவார். மீதிப் பாதி எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்குத் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு குழாயை ஒழுங்காகத் திறக்கத் தெரியவில்லை என்பதை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் கவலை வரும்.

கவலைக்குக் காரணம் உண்டு. டாய்ஷர் குடும்பத்தில் கோடை விருந்துக்குப் பீப்பாய் திறப்பவருக்கு ஒரு உரிமை இருந்தது. முதல் கோப்பையை ஊற்றும் முன் அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். யாரும் குறுக்கே பேசக் கூடாது. வருஷத்தில் அந்த ஒரு நாள், அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், ஆர்வில் பேச அவர் மனைவி ஆர்லிஸ் வாயை மூடிக்கொண்டு கேட்பாள். மற்ற நாட்களில் அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பது அவள்தான். நுரை வந்த வருஷம் அவர் வாயைத் திறப்பதற்குள் பீப்பாய் திறந்துகொண்டு அந்தப் பேச்சையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்று நாயைத் துவட்டிக்கொண்டே ஆர்லிஸ் தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் பார்ப்பேன் ஆர்வில். மறுபடியும் நுரைதான்னா, பீப்பாய் என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

அவள் தம்பி கிளெம் வோய்ட்டா அப்போது தலையிலிருந்த நுரையை வழித்துக்கொண்டிருந்தான். வருத்தமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "எதுக்குக்கா அதெல்லாம்? மச்சான் மனசு கஷ்டப்படும்" என்றான். "ஆனா நம்ம வீட்டுத் தோட்டத்துல நிழல் நல்லா இருக்கும். சும்மா சொல்றேன்."

அந்த ஒரு வருஷமும் ஆர்வில் யோசித்தார். நுரைக்குக் காரணம் சூடு, குலுக்கல் என்று கண்டுபிடித்தார். மூன்றாவதாகப் பம்ப். பீப்பாயின் வாயில் பூட்டும் குழாயோடு, சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல ஒரு கைப்பம்பும் இருக்கும். பாதிப் பீர் தீர்ந்து வரத்துக் குறையும்போது லேசாக இரண்டு அடி அடித்தால் போதும். புதுப் பீப்பாய்க்குள் ஏற்கெனவே வேகம் உண்டு, அதற்குப் பம்ப் அடிப்பது ஓடுகிற குதிரையின் வாலில் தீ வைப்பது மாதிரி. ஆனால் ஹோல்பாக் ஆண்களுக்கு ஒரு மரியாதை உண்டு. பீப்பாயைக் கடந்து போகும்போது அதைக் கண்டுகொள்ளாமல் போக மாட்டார்கள். நாலு அடி அடித்துவிட்டுத்தான் போவார்கள், அடுத்து வருகிறவனுக்கு உபகாரமாக. விருந்துக்கு அறுபது பேர் வந்தால் அறுபது உபகாரம்.

வெள்ளிக்கிழமை காலையில் பீப்பாய் எடுக்கக் கடைக்குப் போனார்கள். வண்டியின் பின்பகுதியில் போட்டால் உருளும் என்று ஆர்வில் அதை முன் இருக்கையில் நிமிர்த்தி வைத்தார். பெல்ட்டைப் போட்டுவிட்டார். இறுக்கமாக இருக்கிறதோ என்று கொஞ்சம் தளர்த்திவிட்டார். ஆர்லிஸ் பின்னால் உட்கார்ந்தாள், மடியில் சாலட்டுக்கு வாங்கிய உருளைக்கிழங்கு மூட்டையோடு.

"நம்ம கல்யாணத்தன்னைக்குக் கூட எனக்கு நீ பெல்ட் போட்டு விடல" என்றாள்.

"நீ குலுங்கினா நுரைக்க மாட்டியே."

"இன்னும் ரெண்டு தெரு போகட்டும். அப்புறம் பாரு."

ஆர்வில் ஓட்டிய வேகத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி கண்ணாடியில் உட்கார்ந்து, இளைப்பாறி, சலித்துப்போய் எழுந்து போனது. குண்டும் குழியும் கண்ணுக்குத் தப்பக் கூடாதே என்று விளக்கையும் போட்டுக்கொண்டார். ஹோல்பாக்கில் பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு இந்த வேகத்தில் போகும் வண்டிக்கு ஒரே அர்த்தம்தான், சாவு ஊர்வலம். எதிரே வந்தவர்கள் ஓரம் கட்டினார்கள். தபால்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு சேர்ந்துகொண்டன. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வரிசை தேவாலயம் வரை நீண்டிருந்தது. பாதிப் பேர் தேவாலயத்துக்குள் திரும்பி, அங்கே யாரும் இல்லாததால் குழம்பிப்போய் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வண்டி மட்டும் ஆர்வில் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. அதிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள்.

"லாம்பர்ட் ஸாஸ்ட்ரோ. இவ வெர்னா" என்றார் பெரியவர் தாழ்ந்த குரலில். "வழியில பார்த்தோம். பாதியில விட்டுட்டுப் போக மனசு வரலைங்க."

ஆர்வில் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் துக்கம் விசாரிக்க இவ்வளவு தூரம் வந்தவரிடம் அது பீர் என்று எப்படிச் சொல்வது? யார் செத்தது என்று கேட்பது ஸாஸ்ட்ரோவுக்கும் மரியாதையாகப் படவில்லை. இரண்டு பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கு மூணு மணிக்கு... எல்லாரும் வராங்க" என்றார் ஆர்வில் கடைசியில். "நீங்களும் வந்துடுங்க."

"கண்டிப்பா வந்துடறோம்" என்றாள் வெர்னா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஹாம் வச்ச பன் கொண்டு வரேன்." அந்த ஊரில் துக்க வீட்டுக்குப் பன்றி இறைச்சி வைத்த அந்தப் பன்னைத்தான் கொண்டுபோவார்கள்.

அவர்கள் போனதும் ஆர்லிஸ் பின் கதவைத் திறந்து இறங்கினாள். "ஏன்யா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"இருந்தது. மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து அதுவும் தீர்ந்துபோச்சு" என்றார் ஆர்வில்.

பீப்பாய் நிலவறைக்குப் போனது. அங்கே ஒரு தொட்டியின் அடியில் முதலில் ஐஸ், அதன் மேல் பீப்பாய், சுற்றிலும் ஐஸ், தலையிலும் ஒரு தொப்பி போல ஐஸ். அதற்கு மேல் நனைத்த மெத்தைவிரிப்பு. அதன் பிறகு ஆர்வில் வீட்டுக்குச் சட்டம் போட்டார். துவைக்கும் இயந்திரம் ஓடக் கூடாது, தரை அதிரும். மாடிப்படியில் குதிகால் படக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை சீட்டாட வரும் கூட்டாளிகள் துருப்பை மேசையில் ஓங்கி அறையக் கூடாது. அந்த ஊர்ச் சீட்டாட்டத்தில் அறைவதுதான் பாதி ஆட்டம். மேசையில் தலையணை போட்டு, அதன் மேல் சீட்டை மெல்ல வைத்து விளையாடினார்கள். ஜெயித்தவர்களுக்கே ஜெயித்தது தெரியவில்லை.

"எனக்குப் பிள்ளை பொறந்தப்போ இந்த வீட்டுல நீ பாதாளம் வரைக்கும் கேக்கற மாதிரி அக்கார்டியன் வாசிச்ச" என்றாள் ஆர்லிஸ்.

"அப்போ எனக்கு விவரம் பத்தல."

"இப்போ?"

ஆர்வில் யோசித்துப் பார்த்தார். விவரம் கூடியதாகத் தெரியவில்லை. அக்கார்டியன்தான் பழுதாகிப்போயிருந்தது.

சனிக்கிழமை மதியம், நாலு பேர் தூக்க, ஆர்வில் முன்னால் நடந்து தரையில் கிடந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே வர, பீப்பாய் தொட்டியோடு தோட்டத்து மேப்பிள் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. வெயில் படாமலிருக்க வெள்ளைப் படுக்கைவிரிப்பால் போர்த்தினார். அரை மணி நேரம் அப்படியே விட்டார். பிறகு விரிப்பின் ஒரு ஓரத்தை விலக்கி, குழாயை வாயில் பொருத்தித் திருகிப் பூட்டினார். ஒரு சீறல் கூட இல்லை. கோப்பையைச் சாய்த்துப் பிடித்துக் குழாயை முழுசாகத் திறந்தார். பொன் நிறத்தில் பீர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேலே இரண்டு விரல்கடை நுரை, தயிர் ஏடு மாதிரி.

ஆர்லிஸ் வந்து பார்த்தாள். கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"ஆர்வில்," என்றாள். "நல்லா இருக்கு."

இருபது வருஷமாக அவருக்கு இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததில்லை. காது மடல் சிவந்துபோனது.

"இப்படியே விட்டுடு" என்றாள் அவள். "எல்லாரும் வந்ததும் பேசாம ஊத்திக் குடு. அது போதும்."

"பேசாமலா?"

ஆர்லிஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஆர்வில் துணி காயப்போடும் கயிற்றால் தொட்டியைச் சுற்றி நாலு கம்பங்களில் வேலி கட்டினார். நாற்காலி போட்டு உள்ளே உட்கார்ந்தார். விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் சாஸேஜ் வாட்டும் அடுப்புக்குப் போகும் முன்னால் பீப்பாய்ப் பக்கம் திரும்பினார்கள். கிளெம் வருவதற்கு முன்னால் அவன் கை வந்தது.

"மச்சான், சும்மா நாலு அடி..."

"கையை எடு."

"ஒரே ஒரு அடி மச்சான். ஒரு மரியாதைக்கு."

"மரியாதையைச் சட்டைப்பையில வை. இன்னைக்கு இதைத் தொடறவங்க விரலை எண்ணி வச்சுக்கோங்கடா, போகும்போது குறையும்."

கிளெம் கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தான். "சரி மச்சான். நான் எதையும் தொடல. எதையும் பேசவும் மாட்டேன்."

மூன்று மணிக்கு ஸாஸ்ட்ரோ தம்பதியர் கறுப்பு உடையில் வந்தார்கள். வெர்னா கையில் பெரிய தட்டு நிறைய ஹாம் பன், லாம்பர்ட் கையில் கிளாடியோலஸ் பூங்கொத்து. இருவரும் மரத்தடியில் வெள்ளைத் துணி போர்த்தி, ஐஸ் சூழ, கயிறு கட்டி வைத்திருந்ததைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். லாம்பர்ட் பூங்கொத்தைத் தொட்டியின் காலடியில் வைத்தார்.

"சின்ன உடம்புதான் போல" என்று வெர்னா மெல்லக் கேட்டாள்.

"குள்ளம்தாங்க" என்றார் ஆர்வில். "ஆனா கனம்."

வெர்னா அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு பேரில் பீப்பாயின் மேல் கை வைக்க நினைக்காதவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான். இப்படிப்பட்டவர்களைத் தன் சொந்தக்காரர்களாகக் கடவுள் கொடுத்திருக்கக் கூடாதா என்று ஆர்வில் நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் காலிக் கோப்பையோடு சுற்றி நின்றார்கள். ஆர்வில் எழுந்து விரிப்பை உருவினார். பீப்பாய் வியர்த்துப் பளபளத்தது. வெர்னா லாம்பர்ட்டைப் பார்த்தாள். லாம்பர்ட் வெர்னாவைப் பார்த்தார். வெவ்வேறு குடும்பத்துக்கு வெவ்வேறு வழக்கம் என்று இருவரும் மீண்டும் முன்னால் பார்த்தார்கள்.

ஆர்வில் தொண்டையைக் கனைத்தார். இரண்டு வருஷத்துப் பேச்சு உள்ளே நின்றது. ஆர்லிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு, உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் ஆர்விலுக்கு நெஞ்சு நிறைந்தது. தாங்கலுக்காக ஒரு கையைப் பீப்பாயின் மேல் வைத்தார்.

"அன்பானவர்களே" என்று தொடங்கினார். "பீப்பாய்ங்கறது என்ன? பொறுமை! போன வருஷம் நான் அவசரப்பட்டேன். ஒத்துக்கறேன். ஒரு முட்டாள் எப்படி இருப்பான்னு பார்க்க ஆசைப்பட்டவங்க அன்னைக்கு டிக்கெட் இல்லாம பார்த்தீங்க!"

கூட்டம் சிரித்தது. ஆர்விலுக்கு உற்சாகம் வந்தது.

"இந்த வருஷம் கத்துக்கிட்டேன். என்ன கத்துக்கிட்டேன்? அடியில ஐஸ்! பக்கத்துல ஐஸ்! தலையில ஐஸ்! உருட்டக் கூடாது! குலுக்கக் கூடாது! எல்லாத்துக்கும் மேல, பம்பைத் தொடக் கூடாது! ஏன் தொடக் கூடாது? தொட்டா என்ன ஆகும்? சொல்றேன்..."

பாதிரியார் தன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு அவர் பிரசங்கத்தை விட நீளமாகப் போயிற்று. கூட்டம் ஆர்விலின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்த கிளெம் மட்டும் மூடாமலே நின்றான். ஆர்லிஸின் உதடு துடித்தது. இரண்டு முறை ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். விதி விதிதான், பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. ஹோல்பாக்கில் பீப்பாய்க்காரருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்று மற்றவர்களும் மரியாதையாகச் சும்மா இருந்தார்கள். தன் பேச்சைக் கேட்டு அசையாமல் நிற்கிறார்கள் என்று நினைத்த ஆர்வில், இன்னும் இரண்டு கருத்துக்களைச் சேர்த்துக்கொண்டார்.

"...ஆகவே, பொறுமைக்கு!" என்று முடித்து, கோப்பையைச் சாய்த்துப் பிடித்துக் குழாயைத் திறந்தார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். கோப்பை பாதிரியார் வீட்டுக் கூரையில் கிடைத்தது என்பது எல்லோரும் ஒத்துக்கொள்வது. குழாய் பாம்பு மாதிரி எழுந்து நின்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது என்பார்கள். நுரை முதலில் கிளாடியோலஸ் பூக்களை மூடியது, பிறகு ஆர்விலை இடுப்பு வரை மூடியது. குட்டைக்கால் நாய் போன வருஷத்தை நினைவில் வைத்திருந்தது. யாரும் கூப்பிடாமலே ஓடி வந்து உள்ளே குதித்தது.

ஆர்வில் எப்படியோ குழாயை மூடினார். கண்ணிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"எவன் பம்ப் அடிச்சது?" என்று கத்தினார். "கிளெம்! நீதானே?"

"என் ரெண்டு கையும் சட்டைப்பையில மச்சான்" என்றான் கிளெம், பையிலிருந்து எடுத்துக் காட்டி. "காலையிலேருந்து அங்கதான் இருக்கு. விரல் மரத்துப்போச்சு."

"அப்போ யாரு?"

வெர்னாதான் எழுந்தாள். துக்க வீட்டில் குறை சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் முறையில்லை.

"நீங்கதாங்க" என்றாள். "ஒவ்வொரு 'கூடாது'க்கும் ஒரு அடி. பொறுமைக்கு மட்டும் ரெண்டு."

ஆர்வில் தன் வலது கையைப் பார்த்தார். அது இன்னும் பம்பின் கைப்பிடி மேல்தான் இருந்தது. அறுபது பேருக்குக் காவல் போட்டவர், தன்னிடமே இருந்த இந்த ஒரு ஆளைக் கணக்கில் எடுக்கவில்லை. கோபம் வருமா என்று பார்த்தார். வரவில்லை. உள்ளே சிரிப்புத்தான் பொங்கியது, அதுவும் பம்ப் அடித்தது போல. நுரைக்குள் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பாதிரியார் மண்வாரி எடுக்கப் போனார்.

லாம்பர்ட் ஸாஸ்ட்ரோ மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாகக் கயிற்றைத் தாண்டி வந்து குழாயின் பக்கத்திலிருந்த சின்ன வளையத்தைப் பிடித்து இழுத்தார். காற்று உஸ்ஸென்று வெளியேறியது.

"கொஞ்சம் காத்திருந்தா அடங்கிடும்" என்றார். "எதுவும் அடங்கித்தானே ஆகணும்."

காத்திருந்தார்கள். வெர்னாவின் ஹாம் பன் சுற்றி வந்தது. பசிக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. நுரை மெல்லச் சரிந்து, ஆர்விலின் முழங்கால் வந்தது, காலணி வந்தது, கடைசியில் நாயின் காது வந்தது. அதன் பிறகு லாம்பர்ட் குழாயைத் திறக்க, மதியம் வந்தது போலவே பொன் நிறத்தில் பீர் இறங்கியது. எல்லோருக்கும் கிடைத்தது. சிலர் இரண்டாம் முறையும் வந்தார்கள்.

ஆர்லிஸ் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். கிளெம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"தீர்ப்பு சொல்லுக்கா" என்றான்.

"மதியம் நான் குடிச்ச கோப்பை நல்லா இருந்துச்சு" என்றாள் ஆர்லிஸ். "அது ஆர்வில் வச்ச பீப்பாய். அதுல ஒரு தப்பும் இல்ல. அதனால பீப்பாய் இங்கதான் இருக்கும்."

ஆர்வில் நிமிர்ந்தார்.

"பேச்சுதான் தப்பு. அடுத்த வருஷத்துலேருந்து பேச்சு கிளெம்முக்கு."

ஆர்வில் மறுபடி குனிந்தார். வருஷத்தில் அவளை வாயடைக்கும் அந்த ஒரே நேரமும் கை நழுவிப்போனது. அதுவும் இந்தக் கையால்.

"நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு" என்றார். "அவன் பேசும்போது அவன் கையைக் கட்டிப்போடணும்."

"அவன் பேசும்போது உன் கையைத்தான் கட்டிப்போடணும்" என்றாள் ஆர்லிஸ். சொல்லிவிட்டு அவர் வலது கையில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு சாலட்டையும், இடது கையில் ஒரு தட்டு சாஸேஜையும் கொடுத்தாள். சாயங்காலம் முழுவதும் அவர் அப்படியே நின்றார். அவருக்கு வேண்டிய பீரை அவளே கோப்பையில் கொண்டுவந்து வாயில் வைத்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் லாம்பர்ட் ஸாஸ்ட்ரோ விடைபெற வந்தார். நாலைந்து கோப்பை உள்ளே போயிருந்ததால் முந்தின நாள் கேட்கக் கூச்சப்பட்டதை இப்போது கேட்கத் துணிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார். "செத்துப்போனது யாருங்க?"

ஆர்வில் இரண்டு தட்டுகளையும் பார்த்தார். பீப்பாயையும், அதன் காலடியில் நனைந்து கிடந்த பூங்கொத்தையும் பார்த்தார்.

"ஒரு பேச்சாளர்" என்றார். "நல்ல மனுஷன்தான். கைதான் ஒரு இடத்துல சும்மா இருக்காது."

லாம்பர்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.